டிஸ்னி வேர்ல்ட் குடும்பப் பயணம்: வழிகாட்டி நூலை வைத்துத் திட்டம் போடுவது எப்படி?

செல்வி_எடிசன்

எல்லாருக்கும் வணக்கம். நியூ ஜெர்சி ஆசிரியர் மாநாட்டு விடுமுறையை ஒட்டி ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்ட் போகிறோம். 2025 நவம்பர் 4 செவ்வாய் மாலை இறங்குகிறோம். 5 முதல் 8 வரை நாளுக்கு ஒன்றாக நான்கு பார்க் (மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம்). 9 ஞாயிறு காலை விமானம். பக்கத்து ஊரான கிசிமியில் சமையலறையோடு ஒரு வாடகை வீடு பேசியாகிவிட்டது. காரும் உண்டு.

போகிறவர்கள்: நாங்கள் இருவர், மகன் (8 வயது, 125 செ.மீ.), மகள் (5 வயது, 104 செ.மீ.), கடைக்குட்டி (2 வயது 4 மாதம்), மதுரையிலிருந்து வந்திருக்கும் என் மாமியார். அத்தைக்கு 67 வயது, மூட்டுவலி, கால்மணி நேரத்துக்கு மேல் நிற்க முடியாது. சுத்த சைவம், முட்டையும் சேர்க்க மாட்டார்.

நூலகத்திலிருந்து 2024 பதிப்பு வழிகாட்டி நூல் ஒன்று எடுத்து வந்திருக்கிறேன். செங்கல் கனம். என் சந்தேகங்கள்:

இதில் எதைப் படிக்க வேண்டும், எதை விடலாம்? ஒரு பதிப்பு பழையது என்பதால் எவ்வளவு தப்பாகும்? "முதலில் இது, அடுத்து அது" என்று எண் போட்ட சுற்றுத் திட்டங்கள் பின்னால் இருக்கின்றன. கைக்குழந்தையும் வயதானவரும் இருக்கும்போது அவை ஒத்துவருமா?

காவிரிக்கரை

செல்வி, முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தால் ஹோட்டல் அத்தியாயத்திலேயே சோர்ந்துவிடுவீர்கள். உங்களுக்கு வீடு பேசியாகிவிட்டதால் அந்த நூறு பக்கத்தையும் அப்படியே தாண்டலாம்.

முதலில் நூலின் வயதைச் சரியாகக் கணக்கிடுங்கள். அட்டையில் 2024 என்று இருக்கும். ஆனால் இத்தகைய ஆண்டு நூல்கள் முந்தைய ஆண்டே கடைக்கு வந்துவிடும். எழுதி முடித்தது அதற்கும் சில மாதம் முன்பு. ஆக உங்கள் கையில் இருப்பது 2023-இல் இருந்த டிஸ்னி வேர்ல்ட். அதன் பிறகு மாறியவை இவை. அந்தந்தப் பக்கத்தில் ஒட்டுத்தாள் வைத்து "செல்லாது" என்று எழுதிவிடுங்கள்:

காசு கொடுத்து வரிசையைத் தாண்டும் முறை பற்றிய அத்தியாயம் முழுக்கவே செல்லாது. அதில் ஜீனி பிளஸ் என்று இருக்கும். 2024 ஜூலை 24 முதல் அது லைட்னிங் லேன் மல்ட்டி பாஸ் (பல சவாரிகளுக்குச் சேர்த்து), சிங்கிள் பாஸ் (ஒரு சவாரிக்கு மட்டும்) என்று மாறிவிட்டது. பெயர் மட்டும் மாறவில்லை. முன்பு அன்றன்று காலையில் எடுத்ததை இப்போது சில நாள் முன்பே எடுக்கலாம். பழைய அத்தியாயத்தின் உத்தியை வைத்துக்கொண்டு போனால் நல்ல நேரமெல்லாம் போன பிறகுதான் டிஸ்னியின் கைபேசிச் செயலியைத் திறப்பீர்கள்.

"டிக்கெட்டோடு பார்க் முன்பதிவும் செய்யுங்கள்" என்று இருந்தால் அதையும் அடியுங்கள். தேதி போட்ட டிக்கெட்டுக்கு 2024 ஜனவரி 9 முதல் அது தேவையில்லை. ஒரே நாளில் இரண்டாவது பார்க்குக்குப் போக மதியம் 2 மணி வரை காத்திருக்கும் விதியும் அன்றே போனது. ட்ரான், கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி என்ற இரண்டு சவாரிகளுக்கும் செயலியில் "மெய்நிகர் வரிசை" (நேரில் நிற்காமல் இடம் பிடிப்பது) எடுக்கச் சொல்லியிருக்கும். இப்போது இரண்டிலும் சாதாரண வரிசைதான். விமான நிலையத்திலிருந்து டிஸ்னியின் இலவசப் பேருந்து என்று யாராவது சொன்னால், அது 2022-இலேயே நின்றுவிட்டது.

மூடியவை, திறந்தவை: மேஜிக் கிங்டமில் டாம் சாயர் தீவும் ஆற்றுக் கப்பலும் 2025 ஜூலையில் நிரந்தரமாக மூடப்பட்டன. பிக் தண்டர் மவுன்டன் 2025 முழுக்கப் பழுதுபார்ப்பில். பஸ் லைட்இயர் சவாரி 2025 ஆகஸ்டிலிருந்து மூடல். டியானாஸ் பேயூ அட்வென்ச்சர் 2024 ஜூன் 28-இல் திறந்தது, உங்கள் நூலில் வரப்போவதாகத்தான் இருக்கும். ஹாலிவுட் ஸ்டூடியோஸில் மப்பெட் காட்சியும் அனிமல் கிங்டம் பெருமரத்துக்குள் நடந்த பூச்சிக் காட்சியும் இல்லை. எப்காட் டெஸ்ட் ட்ராக் புதுப்பித்து 2025 ஜூலையில் திறந்தாயிற்று.

கட்டணம், நேரம், உணவு விலை எதையும் நூலிலிருந்து எடுக்காதீர்கள், புதுப் பதிப்பாக இருந்தாலும்.

இனி எதை எடுப்பது? நிலம் மாறாது. எந்தச் சவாரி எங்கே, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு நடை, எது இருட்டு, எது சத்தம், எதில் நனைவோம், எதில் சக்கர நாற்காலியிலிருந்து இறங்க வேண்டும், எந்தச் சவாரி மணிக்கு எத்தனை பேரை ஏற்றும், இவைதான் நூலின் உயிர். செயலியில் இவ்வளவு விளக்கம் கிடைக்காது. நான்கு பார்க் அத்தியாயங்களில் சவாரிக் குறிப்புகளையும், சிறு குழந்தைகள் எதற்குப் பயப்படுவார்கள் என்ற அட்டவணையையும், உயர அட்டவணையையும் மட்டும் படியுங்கள். இரண்டு மாலை வேலை.

உயரம் அங்குலத்தில் இருக்கும். 38 அங்குலம் 97 செ.மீ., 40 என்றால் 102, 42 என்றால் 107, 44 என்றால் 112, 48 என்றால் 122. மகன் எல்லாவற்றிலும் ஏறலாம். மகளுக்குச் செவன் ட்வார்ஃப்ஸ் மைன் ட்ரெயின், ஸ்லிங்கி டாக், மில்லெனியம் ஃபால்கன் (மூன்றும் 38), டியானாஸ், சோரின், டெஸ்ட் ட்ராக், ரைஸ் ஆஃப் தி ரெசிஸ்டன்ஸ் (நான்கும் 40) கிடைக்கும். கார்டியன்ஸ் (42), ஸ்பேஸ் மவுன்டன், எவரெஸ்ட், ஃப்ளைட் ஆஃப் பாசேஜ் (மூன்றும் 44), ட்ரான் (48) கிடைக்காது. இந்த இரண்டாவது பட்டியலை வீட்டிலேயே அவளிடம் சொல்லிவிடுங்கள். வாசலில் அளவுகோல் முன்னால் நின்றபிறகு தெரிந்தால் அந்த அழுகை ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடும். டவர் ஆஃப் டெரருக்கும் 40 அங்குலம்தான், ஆனால் 5 வயதுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். உயரம் பாதுகாப்புக்கான அளவு. பயத்துக்கு வேறு அட்டவணை இருக்கிறது, அதைப் பாருங்கள்.

பிறகு ஒரு நாளைக்கு ஒரு ஏ4 தாள். மேலே திறக்கும் நேரம், கிளம்பும் நேரம். நடுவில் எட்டு முதல் பத்துச் சவாரி, நடக்கும் வரிசைப்படி. ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் யார் ஏறுவார்கள் என்று முதலெழுத்து. கீழே சாப்பிடும் இடம், உட்காரும் இடம், கழிப்பறை. நூலை வீட்டில் வைத்துவிட்டு அந்தத் தாளோடு போங்கள்.

எண் போட்ட சுற்றுத் திட்டங்கள் வேலை செய்வதற்கு ஒரு காரணம் உண்டு. மணிக்குக் குறைவான ஆட்களையே ஏற்றும் சவாரிக்கு வரிசை சீக்கிரம் நீளும். பீட்டர் பேன் ஒரு மணி நேரத்தில் ஏற்றுவது ஹான்டட் மேன்ஷன் ஏற்றுவதில் பாதியளவுகூட வராது. அதனால் திட்டம் பீட்டர் பேனைக் காலையில் வைத்து, ஹான்டட் மேன்ஷனை மதியத்துக்குத் தள்ளும். இதைப் புரிந்துகொண்டால் திட்டத்தைத் தைரியமாக வெட்டலாம். உங்களுக்கு வேண்டாத சவாரியை எடுத்துவிடுங்கள், மற்றதன் வரிசை கெடாது. வரிசையை மாற்றுவதுதான் ஆபத்து. ஒரு சவாரி பழுதாகி நின்றுவிட்டால் வாசலில் காத்திருக்காமல் அடுத்த எண்ணுக்குப் போய்விடுங்கள், திறந்ததும் திரும்பி வரலாம். அப்புறம், இந்தத் திட்டங்கள் எல்லாமே திறப்பதற்கு முன்பே வாசலில் நிற்பவருக்காக எழுதியவை. 11 மணிக்குப் போய் முதல் எண்ணிலிருந்து தொடங்கினால் எண் 1, 2, 3 மூன்றிலும் அந்த நாளின் மிக நீண்ட வரிசையில்தான் நிற்பீர்கள்.

ஆர்லாண்டோவாசி

காவிரிக்கரை சொன்னதோடு உங்கள் தேதியைப் பற்றிச் சில விஷயம்.

நவம்பர் 6, 7 ஆசிரியர் மாநாடு. டிஸ்னி ரசிகர்கள் இந்த வாரத்தை "ஜெர்சி வாரம்" என்றே கூப்பிடுவார்கள்; உங்களைப் போலவே உங்கள் மாநிலம் பாதி இங்கே இருக்கும். நூலில் "நவம்பர் தொடக்கம் கூட்டம் குறைவு" என்று பொதுவாகப் போட்டிருந்தால் நம்பாதீர்கள். கூட்டக் காலண்டரை மாத வாரியாகப் பார்க்கக் கூடாது, நாள் வாரியாகப் பார்க்க வேண்டும்.

எந்த நாள் எந்த பார்க்: எப்காட்டில் உணவுத் திருவிழா நடக்கும் காலம். வெள்ளி மாலையும் சனிக்கிழமையும் உள்ளூர்க்காரர்கள் வந்து குவிவார்கள். அதனால் எப்காட் புதன். அனிமல் கிங்டம் சனி; அது சீக்கிரம் திறக்கும், மதியம் 2 மணிக்குள் முடித்துவிட்டு மறுநாள் விமானத்துக்குப் பெட்டி கட்டலாம். மேஜிக் கிங்டமும் ஹாலிவுட் ஸ்டூடியோஸும் வியாழன், வெள்ளியில், எது முன்னால் வந்தாலும் சரி. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நவம்பர் முதல் பாதியிலேயே மேஜிக் கிங்டமில் தனி டிக்கெட் கிறிஸ்துமஸ் பார்ட்டி இரவுகள் தொடங்கிவிடும். அந்த நாட்களில் சாதாரண டிக்கெட்காரர்கள் மாலை 6 மணிக்கு வெளியேற வேண்டும், வாணவேடிக்கை பார்க்க முடியாது. அதற்குப் பதிலாகப் பகலில் கூட்டம் குறையும். குழந்தைகள் 7 மணிக்கே தூங்கும் குடும்பத்துக்குப் பார்ட்டி நாளே நல்லது. வாணவேடிக்கை வேண்டும் என்றால் பார்ட்டி இல்லாத நாள். இணையக் காலண்டரில் மூடும் நேரம் 6 என்று இருந்தால் அது பார்ட்டி நாள் என்று தெரிந்துகொள்ளலாம்.

நீங்கள் டிஸ்னி ஹோட்டலில் தங்கவில்லை. திட்டத்தையே மாற்றுகிற விஷயம் இது. ஹோட்டலில் தங்குபவர்களை ஒவ்வொரு நாளும் அரை மணி முன்னால் உள்ளே விடுவார்கள். நூலில் ஹோட்டல்காரர்களுக்கு ஒரு திட்டம், வெளியே தங்குபவர்களுக்கு ஒரு திட்டம் என்று தனித்தனியாக இருக்கும்; தவறானதை எடுத்துவிடாதீர்கள். மேஜிக் கிங்டமில் அந்த அரை மணியில் ஃபேன்டசிலேண்ட், டுமாரோலேண்ட் என்ற இரண்டு பகுதிகள் மட்டும் திறந்திருக்கும். 9 மணிக்கு நீங்கள் செவன் ட்வார்ஃப்ஸுக்கு ஓடினால் உங்களுக்கு முன்னால் அரை மணி நேரக் கூட்டம் நிற்கும். நீங்கள் இடது பக்கம் திரும்ப வேண்டும்: அட்வென்ச்சர்லேண்ட், ஜங்கிள் குரூஸ். அங்கே உங்களுக்கு முன்னால் யாரும் போயிருக்க முடியாது.

அனிமல் கிங்டமிலும் இதே கணக்கு. ஃப்ளைட் ஆஃப் பாசேஜ் இருக்கும் பண்டோரா பக்கம் ஏற்கனவே நிரம்பியிருக்கும், நேராக சஃபாரிக்குப் போங்கள். காலையில் விலங்குகள் நடமாட்டமும் நன்றாக இருக்கும்.

காலைப் புறப்பாட்டில்தான் பலர் தவறுகிறார்கள். மேஜிக் கிங்டமின் கார் நிறுத்தம் பார்க் வாசலில் கிடையாது. ஏரிக்கு இக்கரையில் நிறுத்தி, ட்ராம் பிடித்து, அங்கிருந்து மோனோரயிலோ படகோ ஏறி அக்கரை போக வேண்டும். மற்ற மூன்று பார்க்கிலும் நிறுத்தம் வாசலிலேயே. 9 மணித் திறப்பு என்றால் 7.45-க்குக் கார் நின்றிருக்க வேண்டும். தள்ளுவண்டி, சக்கர நாற்காலி, பை சோதனை எல்லாம் முடிந்து வாசலுக்கு வர 8.30 ஆகிவிடும்.

லைட்னிங் லேன் மல்ட்டி பாஸ்: வெளியே தங்குபவர்கள் மூன்று நாள் முன்பு காலை 7 மணிக்கு எடுக்கலாம் (ஹோட்டல்காரர்களுக்கு 7 நாள்). 5-ஆம் தேதிக்கு 2-ஆம் தேதி, 6-க்கு 3, இப்படி ஒவ்வொரு நாளும் தனித்தனியாக. நவம்பர் 2 விடியலில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகிறது, அலாரத்தைச் சரிபாருங்கள். முந்தைய இரவே எல்லார் டிக்கெட்டும் ஒரே கணக்கில் இணைந்திருக்கிறதா, அட்டை எண் சேமித்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கடைக்குட்டிக்கு 3 வயது ஆகாததால் டிக்கெட்டும் வேண்டாம், பாஸும் வேண்டாம். அத்தைக்கு மூத்தோர் சலுகை கிடையாது, பெரியவர் டிக்கெட்தான். 10 வயது முதல் பெரியவர் கட்டணம் என்பதால் மூத்த இரண்டு பிள்ளைகளுக்கும் குழந்தை டிக்கெட்.

முதலில் மூன்று சவாரி தேர்ந்தெடுக்கலாம். அனிமல் கிங்டம் தவிர மற்ற மூன்று பார்க்கிலும் சவாரிகளை இரண்டு குழுவாகப் பிரித்திருக்கிறார்கள்; முதல் குழுவிலிருந்து ஒன்று, இரண்டாம் குழுவிலிருந்து இரண்டு. பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு, மூன்றையும் மதியம் 2 மணிக்குப் பிறகு வைப்பது. ஒன்றைப் பயன்படுத்தினால்தான் நான்காவதை எடுக்க முடியும். முதல் சீட்டு 10 முதல் 11 மணிக்குள் இருக்கட்டும். சவாரி வாசலில் டிக்கெட்டைத் தட்டிக் காட்டியதும் நின்ற இடத்திலேயே அடுத்ததை எடுங்கள். 10 மணிக்கு முன்னால் பாஸ் தேவையில்லை, திறந்த முதல் ஒரு மணி நேரம் சாதாரண வரிசையே குறைவு.

நான்கு நாளும் வாங்க வேண்டாம். மேஜிக் கிங்டமுக்கும் ஹாலிவுட் ஸ்டூடியோஸுக்கும் வாங்குங்கள். அனிமல் கிங்டமில் சவாரிகளே குறைவு, அதற்குக் காசு வீண்.

மருதம்

உங்கள் மாமியார் அம்மாவைப் பற்றி. சிறப்புத் தேவைக்கான அனுமதி, அதாவது வரிசையில் நிற்காமல் நேரம் குறித்துத் தருவது, உங்கள் நூலில் பலருக்கும் கிடைக்கும் என்பது போல எழுதியிருக்கலாம். 2024 மே மாதத்திலிருந்து ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கு என்று சுருக்கிவிட்டார்கள். மூட்டுவலிக்குக் கிடைக்காது. சக்கர நாற்காலியே வழி. பெரும்பாலான வரிசைகளில் நாற்காலியோடு போகலாம், அதனால் "நிற்க முடியாது" என்ற சிக்கல் தீர்ந்துவிடும். ஒவ்வொரு பார்க்கிலும் வாடகைக்கு உண்டு. ஆனால் அது வாசலுக்குள்தான் கிடைக்கும். காரிலிருந்து வாசல் வரையிலான நடைக்கு உதவாது, மேஜிக் கிங்டமில் அந்தத் தூரமே அம்மாவின் ஒரு நாள் நடை. மடக்கும் நாற்காலி ஒன்றை வெளியிலிருந்து வாரத்துக்கு வாடகை எடுத்து வீட்டுக்கு வரவழையுங்கள். மோட்டார் வண்டி வேண்டாம் என்பேன். கூட்டத்தில் புதிதாக ஓட்டுவது அவருக்கும் பதற்றம், மற்றவர் காலுக்கும் ஆபத்து.

நாற்காலியிலிருந்து இறங்காமலே போகக்கூடியவை: அனிமல் கிங்டம் சஃபாரி, டாய் ஸ்டோரி மேனியா. இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்டிலும் ஜங்கிள் குரூஸிலும் நாற்காலி ஏறும் தனிப் படகு உண்டு, வாசலில் கேட்க வேண்டும், அந்தப் படகு வரக் கொஞ்சம் நேரம் ஆகும். டுமாரோலேண்ட் பீப்பிள்மூவர் "வயதானவர்களுக்கு நல்லது" என்று எல்லாரும் சொல்வார்கள். ஏறும் இடத்தில் நகரும் தரை, இறங்கும்போதும் அதே. மூட்டுவலிக்காரருக்கு அது சரிவராது.

மதியம் வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டு வரச் சொல்லும் நூல்கள், டிஸ்னி ஹோட்டலில் இருப்பவரை மனதில் வைத்துச் சொல்கின்றன. கிசிமியிலிருந்து மேஜிக் கிங்டம் போய்வரப் படகு, ட்ராம், கார் எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரம் வீண். உள்ளேயே ஓய்வெடுங்கள். கரூசல் ஆஃப் ப்ராக்ரஸ் 21 நிமிடம், குளிர்சாதன அரங்கம், இருக்கை நகரும், எழுந்திருக்க வேண்டாம். மடியில் குழந்தை தூங்கிவிடும். எப்காட்டில் அமெரிக்கன் அட்வென்ச்சர் அரை மணி நேரம். லிவிங் வித் தி லேண்ட் படகுச் சவாரியில் உள்ளே காய்கறித் தோட்டம் போட்டிருக்கிறார்கள், அம்மாவுக்கு மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

சாப்பாடு: வெளி உணவு கொண்டுபோகலாம். கண்ணாடிப் பாத்திரம் கூடாது. குளிர்பெட்டியில் தளர் ஐஸ் கூடாது, உறைய வைத்த ஐஸ் பொதி வைக்கலாம். சப்பாத்தி சுருள், எலுமிச்சை சாதம், புளியோதரை தாராளமாகத் தாங்கும். தயிர்சாதம் என்றால் ஐஸ் பொதியோடுதான், வெயில் காலம் இல்லை என்றாலும் பகலில் சூடு இருக்கும். துரித உணவுக் கடைகளில் ஐஸ் தண்ணீர் இலவசம், கேட்டால் தருவார்கள். உள்ளே வாங்குவதானால் செயலி உணவுப் பட்டியலில் தாவர உணவுக்கு இலைக் குறி இருக்கும்; அந்தக் குறி இருந்தால் முட்டையும் பாலும் இருக்காது. "வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் முட்டை வந்துவிடும், "முட்டை வேண்டாம்" என்று தனியாகச் சொல்லுங்கள். ஒரு நேரம் நன்றாக உட்கார்ந்து சாப்பிட அனிமல் கிங்டம் லாட்ஜில் சனா என்ற உணவகம். ஆப்பிரிக்கச் சமையலும் இந்தியச் சமையலும் கலந்தது, பலவகை ரொட்டியும் சட்னிகளும் ஒரே தட்டில் வரும். முன்பதிவு 60 நாள் முன்பே திறந்துவிடும். இப்போது இடம் இல்லை என்றால் முந்தைய இரண்டு மூன்று நாட்களில் ரத்தாகும் இடங்களைப் பாருங்கள், கிடைக்கும்.

தள்ளுவண்டி உங்களுடையதையே கொண்டுபோங்கள். 31 அங்குல அகலம், 52 அங்குல நீளத்துக்குள் இருக்க வேண்டும். இழுவண்டி மாதிரி இருப்பவற்றை விட மாட்டார்கள். சவாரி முடிந்து வரும்போது வண்டி வைத்த இடத்தில் இருக்காது, ஊழியர்கள் ஒதுக்கி அடுக்கியிருப்பார்கள். கைப்பிடியில் பளிச்சென்ற துணி ஒன்றைக் கட்டிவையுங்கள்.

நெல்லை_கார்த்தி

இவ்வளவுக்கு நூல் எதற்கு? செயலியில் நேரடியாகக் காத்திருப்பு நேரம் தெரிகிறது. எது குறைவோ அதற்குப் போனால் போதாதா?

காவிரிக்கரை

தம்பி, காத்திருப்பு நேரம் இந்த நிமிடத்தைச் சொல்லும். ஒரு மணி நேரம் கழித்து எது 20-லிருந்து 75 ஆகும் என்று சொல்லாது. காலை 9.15-க்குப் பைரேட்ஸ் 5 நிமிடம், ஜங்கிள் குரூஸ் 20 நிமிடம் என்று செயலி காட்டும். குறைவு என்று பைரேட்ஸுக்குப் போனால், அது மதியமும் ஓரளவு குறைவாகவே இருக்கும், ஜங்கிள் குரூஸ் அதற்குள் கைவிட்டுப் போயிருக்கும். காலையில் நூலின் வரிசைப்படி, 11 மணிக்கு மேல் செயலிப்படி என்று பிரித்துக்கொள்ளலாம். இன்னொன்று, எது குறைவோ அதற்கு என்று ஓடினால் பார்க்கின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பீர்கள். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அது முடியாது.

செல்வி_எடிசன்

எல்லாருக்கும் நன்றி. காலண்டர் பார்த்தேன், வியாழன் பார்ட்டி இல்லை. மேஜிக் கிங்டமை வியாழன் வைத்து ஒரு தாள் போட்டேன், தப்பு இருந்தால் சொல்லுங்கள்:

9.00 செவன் ட்வார்ஃப்ஸ் (எல்லாரும்). 10.00 ட்ரான் (மகனும் அப்பாவும்). 11.00 ஜங்கிள் குரூஸ். 12.30 சாப்பாடு. 2.00 பீட்டர் பேன். 3.00 ஊர்வலம். 4.00 டம்போ. பிறகு வாணவேடிக்கை வரை ஓய்வு.

ஆர்லாண்டோவாசி

இது ஹோட்டல்காரர் தாள், அதுவும் குறுக்கும் நெடுக்குமாக. ஃபேன்டசிலேண்ட், டுமாரோலேண்ட், அட்வென்ச்சர்லேண்ட், மறுபடி ஃபேன்டசிலேண்ட் என்று நடுவில் இருக்கும் கோட்டையைத் திரும்பத் திரும்பத் தாண்டுகிறீர்கள். இப்படி மாற்றுங்கள்:

திறந்ததும் ஜங்கிள் குரூஸ், எல்லாரும். அடுத்துப் பக்கத்திலேயே பைரேட்ஸ். இதில் படகுக்குள் ஏறி இறங்க வேண்டும், அத்தை வேண்டாம் என்றால் எதிரே நிழலில் உட்காரட்டும். பிறகு டியானாஸ்: மகன், மகள், உங்களில் ஒருவர். நனையும், மாற்றுச் சட்டை பையில் இருக்கட்டும்.

இங்கே குழந்தை மாற்று முறையை (ஏற முடியாத குழந்தையோடு ஒருவர் காத்திருந்து, மற்றவர்கள் வந்ததும் ஏறுவது) பயன்படுத்துங்கள். வாசலில் கடைக்குட்டியோடு எல்லாரும் சேர்ந்து போய் ஊழியரிடம் சொல்ல வேண்டும். குழந்தையை வெளியே விட்டுவிட்டு ஒருவர் மட்டும் போய்க் கேட்டால் தர மாட்டார்கள். முதல் குழு ஏறி வந்ததும் காத்திருந்தவர் லைட்னிங் லேன் வழியே போகலாம். 7 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை 14 வயதோ அதற்கு மேலோ ஆனவரோடுதான் ஏற முடியும், அதனால் மகளை அண்ணனோடு மட்டும் அனுப்பலாம் என்று கணக்குப் போட வேண்டாம்.

10.30-க்கு மல்ட்டி பாஸில் பீட்டர் பேன். அது முதல் குழுச் சவாரி, உங்கள் மூன்றில் ஒன்றாக அதையே வையுங்கள். இரண்டாம் குழுவில் வின்னி தி பூ, ஹான்டட் மேன்ஷன். குழுப் பட்டியல் அவ்வப்போது மாறும், எடுக்கும் நாளில் செயலியில் பாருங்கள். பீட்டர் பேனுக்கும் பூவுக்கும் ஸ்மால் வேர்ல்டுக்கும் நடுவே அதிக நடை இல்லை.

சாப்பாட்டை 11.15-க்கு இழுங்கள். 12 முதல் 1.30 வரை நிழலான மேசை கிடைக்காது. டம்போவை ஊர்வல நேரத்தில் வையுங்கள், அப்போது வரிசை குறையும்; அங்கே காத்திருக்கும் இடம் உள்ளே விளையாட்டுத் திடலாக இருக்கிறது, கடைக்குட்டி இறங்கி ஓடலாம். ஊர்வலம் கட்டாயம் வேண்டும் என்றால் ஃப்ரன்டியர்லேண்ட் பக்கம் நில்லுங்கள், கூட்டம் மெயின் ஸ்ட்ரீட்டை விடக் குறைவு. ஊர்வலம் போகும்போது பாதையைக் கடக்க விடமாட்டார்கள், அந்த நேரத்தில் எந்தச் சீட்டும் மறுபக்கம் இருக்கக் கூடாது.

2 மணிக்குக் கரூசல் ஆஃப் ப்ராக்ரஸ். அங்கே அத்தையும் நீங்களும் சின்னவர்களும் உட்கார்ந்திருக்க, மகனும் அப்பாவும் ட்ரான். அதற்கும் செவன் ட்வார்ஃப்ஸுக்கும் சிங்கிள் பாஸ் தனியாக விற்கிறார்கள். ட்ரானுக்கு இரண்டு பேருக்கு மட்டும் வாங்கினால் போதும். செவன் ட்வார்ஃப்ஸுக்குக் காசு வேண்டாம், வாணவேடிக்கை முடிந்த பிறகு மூடும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் வரிசையில் சேருங்கள். மூடும் நேரத்துக்குள் வரிசையில் நின்றுவிட்டால் ஏற்றிவிடுவார்கள். மகள் தாங்குவாளா என்பதுதான் கேள்வி, அதை அன்று மாலை பார்த்துக்கொள்ளுங்கள்.

வாணவேடிக்கைக்கு நாற்காலிக்காரர்களுக்குத் தனி இடம் உண்டு, குறைவான இடம், மாலையிலேயே ஊழியரிடம் கேட்டு வையுங்கள். முடிந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் மோனோரயிலுக்குப் போவார்கள். அரை மணி நேரம் மெயின் ஸ்ட்ரீட்டில் எங்காவது உட்காருங்கள், பிறகு படகுக்குப் போங்கள். ஒரு படகில் ஏறும் கூட்டம் ஒரு மோனோரயிலில் ஏறாது, நாற்காலியும் தள்ளுவண்டியும் மடக்காமல் அப்படியே உருட்டி ஏறலாம். காரை நிறுத்தியதும் அந்த வரிசையின் பெயரையும் எண்ணையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரவு 10 மணிக்கு அந்தத் திடலில் எல்லாக் காரும் ஒரே மாதிரி இருக்கும்.

மருதம்

ஒன்று விட்டுப்போனது. 8-ஆம் தேதி அனிமல் கிங்டமில் சஃபாரி வண்டி குண்டும் குழியுமான பாதையில் நன்றாகக் குலுக்கும். இடுப்போ கழுத்தோ வலி இருந்தால் அம்மாவை முன்கூட்டியே எச்சரித்துவிடுங்கள். நாற்காலியோடு ஏறினால் அதைத் தரையோடு கட்டிவிடுவார்கள், சக்கரம் நகராது. ஆனால் குலுக்கல் நாற்காலியில் இருப்பவருக்கும் உண்டு.

செல்வி_எடிசன்

அத்தைக்கு இடுப்பும் கொஞ்சம் வலிக்கும். பெல்ட் போட்டுக்கொண்டு வரச் சொல்கிறேன். வியாழன் தாளைத் திருத்தி எழுதிவிட்டேன், இன்றிரவு ஹாலிவுட் ஸ்டூடியோஸ் தாளைப் போட்டு இங்கேயே பதிவிடுகிறேன், வெட்டித் தாருங்கள்.